கோர்வை வரும்வரை

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தின் நடுவே வளர்ந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் சபைக்குப் போனாலும் முதலில் புடவைக் கரைகளைத்தான் பார்ப்பான்.

சென்ற மார்கழியில் சென்னைக்குச் சங்கீத சீசன் பார்க்கப் போயிருந்தேன். ஒரு சபாவில் எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மாள் அசல் கோர்வைப் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க் கைவேலை! எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரதான கீர்த்தனம் முடியும் தறுவாயில் பாடகர் மிருதங்க வித்வானைப் பார்த்துத் தலையசைத்தார். தனி ஆவர்த்தனம் தொடங்கியது.

அவ்வளவுதான். அம்மாள் எழுந்தார். அவர் கணவர் எழுந்தார். பிறகு வரிசையே எழுந்தது. "இப்பவே போனாத்தான் கான்டீன்லே இடம் கிடைக்கும்" என்று ஒரு குரல். இன்னொருவர் அடுத்த சபாவுக்கு வண்டி பிடிக்க ஓடினார். மேடையில் அந்த இளைஞர், முதுகுகளைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

அந்த அம்மாள் எதைக் கட்டிக்கொண்டு, எதைக் கேட்காமல் போனார் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் தறியில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை, மூன்று நாடா. நெசவாளி ஒரு பக்கம், துணையாள் ஒரு பக்கம் இருந்து, ஒவ்வோர் இழையிலும் உடலையும் கரையையும் கோத்துக்கொண்டே வரவேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. மிருதங்கக்காரரும் தனியின் முடிவில், சொற்கட்டுகளை எண்ணிக் கோத்து, மும்முறை வாசித்து, பாட்டின் எடுப்பிலே கொண்டுவந்து சேர்க்கிறார். அதற்கும் பெயர் கோர்வை. பட்டுக் கோர்வைக்குப் பல்லாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தவர், தாளக் கோர்வைக்குப் பதினைந்து நிமிஷம் கொடுக்க மறுத்துவிட்டார்.

"தனி எங்களுக்குப் புரிவதில்லை, ஐயா" என்பார்கள். புரியாதுதான். வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தால் தறியும் புரியாது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சுமாக இருமுறை. தொடையில் இதை விடாமல் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தனியைக் கேளுங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துக் குறைத்துக்கொண்டே வந்து, ஒன்றாகச் சேர்ந்து மோரா வைத்து, கோர்வைக்குள் நுழையும்போது உங்கள் கையே உங்களுக்குச் சொல்லிவிடும்.

"வெளியூரிலிருந்து வருகிறோம், நாலு சபாவாவது பார்க்க வேண்டாமா?" என்பார்கள். வேண்டாம் என்கிறேன். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த சங்கீத மாநாட்டிலிருந்து பிறந்தது இந்த உற்சவம். அதன் பயனாக 1928-ல் மியூசிக் அகாடமி தோன்றியது. இன்று ஊரெங்கும் சபாக்கள். எல்லாவற்றையும் எந்த மனிதனாலும் கேட்க முடியாது. நாலு கச்சேரியில் நாலு வர்ணம் கேட்டவன் ஒரு கச்சேரியும் கேட்கவில்லை. நாளைக்கு ஒன்று போதும். முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு, வர்ணத்திலிருந்து மங்களம் வரை உட்காருங்கள். பை கனமில்லையென்றால் மத்தியானம் போங்கள். பல சபாக்களில் அப்போது டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்கள் இளைஞர்கள், கேட்கத்தான் ஆளில்லை.

எங்கள் ஊர்க்காரன் இதில் கோபப்படக் காரணம் இருக்கிறது. காஞ்சிபுரம் நாயினா பிள்ளை (1889–1934) லயத்துக்காகவே பேர் பெற்றவர். மிருதங்கம், கடம், கஞ்சிரா என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை வைத்துக்கொண்டு பாடியவர். பக்கவாத்தியம் என்பது பாட்டுக்குச் சாமரம் வீசும் வேலையல்ல என்று காட்டியவர். அவர் கச்சேரிகளைக் கேட்டு இதே ஊரில் வளர்ந்த டி. கே. பட்டம்மாள்தான், பெண்கள் பல்லவி பாடுவது அபூர்வமாக இருந்த காலத்தில் அதைப் பாடிக் காட்டினார். பாடினவர்கள் மட்டுமா அந்தச் சங்கீதத்தை வளர்த்தார்கள்? தாளத்தை விடாமல் உட்கார்ந்து கேட்டவர்களும்தானே?

அன்று மிருதங்கம் வாசித்த அந்த இளைஞர் பத்து வருஷமாவது சாதகம் செய்திருப்பார். கச்சேரியில் அவர் தம் வித்தையை முழுக்கக் காட்டக்கூடிய நேரம் அந்தக் கால்மணிதான். அதுவும் காப்பி நேரம் என்று நாம் தீர்மானித்துவிட்டால், நாளைக்கு அவருடைய பிள்ளை மிருதங்கத்தைத் தொடுவானா?

எங்கள் நெசவாளி பாதிக் கரையில் காப்பி குடிக்க எழுந்தால், திரும்பிவந்து விட்ட இழையிலிருந்து தொடருவார்; புடவைக்கு ஒன்றும் குறையாது. மேடையில் போன கோர்வை போனதுதான். அம்மணி, காப்பி எங்கும் ஓடிவிடாது. உட்காருங்கள்.