பிள்ளையின் பங்கை எழுதிக் கொடுக்க நாம் யார்?

‘மஹர், இத்தா காலச் செலவு, பிள்ளைச் செலவு யாவும் பெற்றுக்கொண்டாயிற்று. இனி ஒருவர்மீது ஒருவருக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை.’

நம் மஹல்லாக்களில் தலாக், குலா எழுதப்படும் தாள்கள் பலவற்றில் இப்படியொரு வாசகம் ஏதேனும் ஓர் உருவில் இடம்பெற்றுவிடுகிறது. கணவர் ஒப்பமிடுகிறார், மனைவி ஒப்பமிடுகிறாள், இரு வீட்டுப் பெரியவர்களும் சாட்சிக் கையெழுத்து இடுகிறார்கள். தாள் ஜமாஅத்தின் பெட்டிக்குள் போய்விடுகிறது. எவருடைய உணவைப் பற்றி அதில் எழுதப்பட்டதோ, அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு அங்கே என்ன நடந்தது என்றே தெரியாது.

பிள்ளையின் செலவை ஒரே தொகையில் தீர்த்துவிடும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தார்கள்? மஹர் மனைவியின் பொருள். அவள் அதை விட்டுக்கொடுக்கலாம். நஃபகா பிள்ளையினுடையது, நாள்தோறும் புதிதாகப் பிறக்கும் கடமை அது. குலாவுக்கு ஈடாகப் பிள்ளையின் செலவைத் தானே ஏற்பதாகத் தாய் ஒப்புக்கொள்வதுண்டு என்று ஹனஃபீ சட்ட நூல்கள் பேசுவதை நாம் அறிவோம். அவளால் இயலாமற் போனால் பிள்ளையைப் பட்டினி போட அந்நூல்கள் இடந்தரவில்லை. செலவு செய்யும்படி தந்தையையே நிர்ப்பந்திக்கச் சொல்கின்றன. பின்பாதியை மறந்துவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவோர் நம்மிடையே அதிகம்.

சூரத்துத் தலாக்கில் அல்லாஹ் விதித்துள்ள அளவுகோல் என்ன? தந்தையின் வசதி. வசதி மிகுந்தவர் அதற்கேற்பவும், கை சுருங்கியவர் தமக்குக் கிடைத்ததற்கேற்பவும் செலவிட வேண்டும் என்பதே அதன் கருத்து. மனிதனின் வசதி ஏறும், இறங்கும். ஆகவே பிள்ளைக்குத் தர வேண்டிய தொகையும் ஏறியிறங்கத்தான் வேண்டும். இரண்டு வயதில் பால்மாவுக்கென்று குறித்த தொகை, பன்னிரண்டு வயதில் பள்ளிக் கட்டணத்தின் ஒரு தவணைக்குக் கூடக் காணாது. கணவர் அபூஸுஃப்யான் (ரலி) போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைக்கும் நியாயமாகப் போதுமான அளவை எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்களே, அங்கே ரூபாய்க் கணக்கா பேசப்பட்டது? தேவையல்லவா பேசப்பட்டது!

நாட்டுச் சட்டமும் இதற்கு முரணாக இல்லை. 1985இல் ஷாபானு வழக்கின் தீர்ப்பு வந்தது. 1986இல் முஸ்லிம் பெண்களுக்கான தனிச்சட்டம் வந்தது. அச்சட்டத்தில் பிள்ளைக்கு இரண்டு வயது வரை என்று ஒரு வரி இருப்பதைப் பிடித்துக்கொண்டு, அதற்குப்பின் தமக்குப் பொறுப்பில்லை என்று வாதாடிய தந்தையர் உண்டு. 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அந்த இரண்டாண்டுத் தொகை தாயை முன்னிட்டது. பிள்ளையின் சொந்த உரிமையோ பருவம் எய்தும் வரை, பெண் மக்களாயின் மணமாகும் வரை நீடிக்கும் என்றது. முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆவது பிரிவாகியுள்ளது. நிலைமை மாறினால் தொகையை மாற்றித் தரும்படி கேட்க அதில் 146ஆவது பிரிவு இருக்கிறது.

அந்தப் பிரிவு தந்தைக்கும் உரியது. வளைகுடா வேலை போய் வெறுங்கையோடு ஊர் திரும்பியவர் நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம். நம்மவர் அதைச் செய்வதில்லை. பேசாமல் பணத்தை நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால், ‘பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை, எதற்குப் பணம்?’ என்கிறார்கள். அந்தப் பக்கத்தில், ‘பணம் வரட்டும், பிறகு பிள்ளையைக் காட்டுகிறோம்’ என்கிறார்கள். பிள்ளையை ஈட்டுப் பொருளாக்கும் இந்த வியாபாரத்தில் இரு வீட்டாருமே பங்காளிகள். பிள்ளையைக் கொண்டு தாயையும் வருத்தாதீர், தந்தையையும் வருத்தாதீர் என்று பகரா அத்தியாயம் விலக்கியிருப்பது இதைத்தானே?

ஹளானத் எனும் வளர்ப்புரிமையும் கல்வெட்டன்று. ஹனஃபீ மத்ஹபில் ஆண்பிள்ளை ஏழு வயது வரையும், பெண்பிள்ளை பருவமடையும் வரையும் தாயிடம். ஷாஃபிஈ மத்ஹபில் விவரமறியும் வயது வந்ததும் பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். வயதோடு உரிமை நகரும் என்பதை நம் இமாம்கள் அன்றே ஏற்றிருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில், 1973இல் உச்ச நீதிமன்றமும் இத்தகைய உத்தரவுகள் இறுதியானவை ஆகா, பிள்ளையின் நலன் கருதி மாற்றத்தக்கவை என்றே சொன்னது.

உத்தரவு கையில் இருந்தும் பணம் வராத தாய்மாருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ‘கோர்ட்டுக்குப் போனால் குடும்ப மானம் போய்விடும், பொறுத்திரு’ என்று உறவினர் சொல்லும் ஆறுதல் பிள்ளையின் கையிலிருப்பதைப் பறிக்கிறது. ஒவ்வொரு மாதத் தொகையும் தவறிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால்தான், மாஜிஸ்திரேட்டின் வாரண்டு வழியே அதை வசூலிக்கும் விரைவு வழி திறந்திருக்கும். கொடுக்காதவருக்கு ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய்வந்தால் கடன் கழிந்துவிடுமா? கழியாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வருமானத்தை மறைப்பவருக்காக, 2020இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருவாய் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டுமெனக் கட்டளையிட்டது. தொகையும் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும்.

இத்தனை இருந்தும், இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் ஊர் வந்து போகிறவரை அமீனா தேடிப் பிடிப்பது எளிதா? அவர் வந்திருப்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஜும்ஆவில் முதல் வரிசையில் நிற்கிறார். பள்ளிக்கு மின்விசிறி நன்கொடை தருகிறார். அவர் பெயரை நாம் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம்! அவருடைய பிள்ளை அதே தெருவில், தாய்மாமன் சம்பளத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

‘ஜமாஅத் என்ன நீதிமன்றமா?’ என்று முத்தவல்லிகள் கேட்கக்கூடும். அன்று, ஆகவும் வேண்டாம். தீர்ப்பளிப்பதும் வாரண்டு பிறப்பிப்பதும் அரசின் வேலை. ஆனால் அந்தப் ‘பாத்தியதை இல்லை’ வாசகத்தை எழுதாமல் விடுவது ஜமாஅத்தின் கையில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பிள்ளையின் பெயர், மாதத் தொகை, தர வேண்டிய தேதி, தந்தை பிள்ளையைக் காணும் நாள்கள், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தொகையைத் திரும்பப் பார்ப்பது என்பவற்றை எழுதச் சொல்லலாம். சந்தா பாக்கியிருந்தால் நிகாஹ் கடிதம் தர மறுக்கும் ஜமாஅத்துகள் நம்மிடையே உண்டு. மறுமணத்துக்குக் கடிதம் கேட்டு வருகிறவரிடம், மூத்த தாரத்துப் பிள்ளைக்குச் சென்ற மாதம் பணம் அனுப்பிய ரசீதையும் கொண்டு வாருங்கள் என்று அவர்கள் கேட்கட்டுமே!