கட்டணப் பட்டியலைக் கண்டு பின்வாங்காதீர்

அமெரிக்காவின் பெயர்பெற்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பலவற்றில், விடுதியையும் சேர்த்து ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்ததுமே நடுத்தரக் குடும்பங்கள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகின்றன. வருத்தத்துக்குரியது இது. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்றவை குடும்பத்தின் பணத் தேவையை மட்டுமே பார்த்து உதவுகின்றன. படிப்புத் திறனுக்கெனத் தனி உதவித்தொகை தருவதில்லை. ஒஹாயோவின் டெனிசன், வூஸ்டர், அயோவாவின் கிரின்னல் ஆகியவையோ நல்ல மாணவர்களை ஈர்க்க அத்தகைய உதவித்தொகை தருகின்றன. தரவரிசையில் சில படிகள் இறங்கத் துணிந்தால், சிறிய வகுப்பும் அக்கறையுள்ள பேராசிரியரும் கட்டுப்படியாகும் செலவில் கிடைக்கக்கூடும்.

எந்தக் கல்லூரி இப்படி உதவித்தொகை தருகிறது என்பதை எங்கே தேடுவது? பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ அறிக்கையில். பணத் தேவை இல்லாத மாணவர்களில் எத்தனை பேர் உதவித்தொகை பெற்றார்கள், சராசரித் தொகை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. விளம்பரக் கையேட்டைவிட நம்பத்தக்கது அதுதான். கல்லூரிகள் அதை இணையதளத்தின் மூலையில் ஒளிக்காமல் முகப்பிலேயே வைக்க வேண்டும். உதவித்தொகை நான்காண்டும் தொடருமா, அதற்கு எவ்வளவு மதிப்பெண் சராசரி தேவை என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பெற்றோர் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.