பொம்மைக் காருக்குள் ஒரு ரேடியோ நிலையம்!

சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்ததும் கூடத்து ரேடியோ கரகரவென்று அலறுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? நல்ல கச்சேரிக்கு நடுவே யாரோ மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும். மிக்ஸி நின்றால் ரேடியோவும் சமாதானமாகிவிடும். இந்த இரண்டுக்கும் அப்படி என்ன பகை? மிக்ஸியின் மோட்டாருக்குள் தெறிக்கும் சின்னஞ்சிறு தீப்பொறிகள்தான் காரணம்.

அதே தீப்பொறிதான் உங்கள் வீட்டுப் பிள்ளையின் ரிமோட் காரையும் படாத பாடு படுத்துகிறது. கையிலுள்ள பெட்டி 'இடது பக்கம் திரும்பு' என்கிறது. கார் வலது பக்கம் ஓடுகிறது. 'நில்' என்கிறது, கார் நிற்காமல் வாசலைத் தாண்டிப் பாய்கிறது. அதைப் பிடிக்கப் பிள்ளையும் பின்னாலேயே ஓடுகிறான். கார் போனால் போகட்டும், தெருவில் லாரி வருமே! ஆகவே, இதை வெறும் விளையாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது.

பொறி ஏன் பறக்கிறது? இந்தக் கார்களில் சாதாரணமாக இருப்பது '540' என்று வழங்கும் மோட்டார். அதன் நடுத்தண்டில் மூன்று செப்புக் கம்பிச் சுருள்கள். தண்டின் முனையில் மூன்று துண்டான ஒரு செப்பு வளையம். அதன் மேல் இரண்டு கார்பன் பிரஷ்கள் உரசிக்கொண்டிருக்கும். சுமையில்லாமல் ஓடினால் நிமிஷத்துக்குச் சுமார் 15,000 சுற்று! ஒவ்வொரு சுற்றிலும் ஆறு தடவை ஏதாவது ஒரு சுருளின் மின்சாரம் திடீரென்று மாற்றப்படுகிறது. ஓடும் பஸ்ஸில் டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் என்ன ஆகிறார்கள்? முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? சுருளில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான். வழியை அடைத்தாலும் அது உடனே நிற்காது. வோல்ட் எகிறும், பிரஷ் நுனியில் பொறியாகத் தாவும்.

பொறிக்கும் ரேடியோவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1887-ல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு தீப்பொறியை உண்டாக்கினார். சற்றுத் தள்ளி வைத்திருந்த கம்பி வளையத்தின் இடைவெளியில் இன்னொரு குட்டிப் பொறி தோன்றியது. நடுவே கம்பி எதுவும் கிடையாது. ரேடியோ அலை மனிதன் கைக்கு அகப்பட்டது இப்படித்தான். 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கும்போது உதவி கேட்டுக் கூவியதும் தீப்பொறி டிரான்ஸ்மிட்டர்தான். ஆக, பொறி பறக்கும் ஒவ்வொரு மோட்டாரும் லைசென்ஸ் இல்லாத ஒரு குட்டி ரேடியோ நிலையம். அது காருக்குள்ளேயே, ரிஸீவரின் காதருகே உட்கார்ந்து கூச்சல் போட்டால், தூரத்தில் நிற்கும் எஜமானன் குரல் எப்படிக் கேட்கும்?

27 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் பழைய செட்டுகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் சற்றுத் தேவலை. ஆனால் மோட்டார்க் கம்பிகள் வழியாக வரும் கலக்கம் அவற்றையும் சும்மா விடுவதில்லை.

பரிகாரம் சில ரூபாய்தான். '104' என்று பொறித்த ஸெராமிக் கண்டென்ஸர் மூன்று வேண்டும். 104 என்றால் 10-க்குப் பின்னால் நாலு பூஜ்யம். அதாவது 1,00,000 பிகோஃபாரட். அதையே 0.1 மைக்ரோஃபாரட் என்றும் சொல்வார்கள். ஒன்றை மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வையுங்கள். இரண்டாவதை ஒரு முனைக்கும் மோட்டாரின் இரும்புக் கூட்டுக்கும் நடுவிலும், மூன்றாவதை மறுமுனைக்கும் கூட்டுக்கும் நடுவிலும் வையுங்கள். பாட்டரியின் நேர் மின்சாரம் கண்டென்ஸரைக் கடக்காது. ஆனால் துடிதுடிக்கும் கூச்சலுக்கு அது திறந்த வாசல். கூச்சல் கம்பிகளில் ஏறி ஊர்வலம் போகாமல், மோட்டாரைச் சுற்றியே அடங்கிவிடும்.

கண்டென்ஸரின் கால்களை எவ்வளவு குட்டையாக வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நீண்ட கால் தானே ஏரியலாகிவிடும்! இரும்புக் கூட்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த பிறகே ஈயம் பிடிக்கும். ஸெராமிக் கண்டென்ஸரை எப்படித் திருப்பி வைத்தாலும் பாதகமில்லை. ஆனால் + - குறி போட்ட எலெக்ட்ரோலிடிக் கண்டென்ஸரை இங்கே வைக்காதீர்கள். மின்சாரம் திசை மாறினால் அது சூடேறி வெடித்துவிடக்கூடும்.

இனி டயோட் என்னும் ஆசாமி. இவர் ஒருவழிப் பாதைக்காரர். இங்கேதான் பலருடைய பணம் புகையாகப் போகிறது. டமியா கம்பெனி 1984-ல் வெளியிட்ட 'ஹார்னெட்' போன்ற பழைய கார்களில், ரெஸிஸ்டர்களின் துணையோடு ஒரு தொடுகைக் கரம் வேகத்தை மாற்றியது. எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுக் கருவியோ மின்சாரத்தை விநாடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டிலும், பஸ் பிரயாணிகள் போல, மின்சாரம் முன்னால் பாயும். அந்த அடியைக் கருவி தாங்க வேண்டும். முன்னோக்கி மட்டும் ஓடும் காரில், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு ஷாட்கி டயோட் இருந்தால், மின்சாரம் அதன் வழியாகச் சுற்றி வந்து அடங்கிவிடும். வால்டர் ஷாட்கி (1886-1976) என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் பெயர் கொண்டது இது. சாதாரண சிலிக்கன் டயோடைவிட வேகமானது. வோல்ட் நஷ்டமும் குறைவு. கோடு போட்ட பக்கம் மோட்டாரின் + முனைக்கு வர வேண்டும். மாற்றி வைத்தால் பாட்டரி மின்சாரம் முழுவதும் டயோட் வழியே குறுக்கே பாயும். டயோட் எரியும், அதிர்ஷ்டம் கெட்டால் கருவியும் கூடவே எரியும்.

சரியாக வைத்தாலும் கார் ரிவர்ஸ் போகக்கூடியதாக இருந்தால்? ரிவர்ஸில் + முனை - ஆகிவிடுகிறது. டயோடைத் திருப்பி வைத்ததற்கு ஒப்பாகிவிடும், அவ்வளவுதான்! பின்னால் ஒரு முழம் நகர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். ரிவர்ஸ் உள்ள கருவிகள் திரும்பி வரும் மின்சாரத்துக்குத் தங்களுக்குள்ளேயே வழி வைத்திருக்கின்றன. அவற்றுக்கு வெளி டயோட் கூடவே கூடாது.

மூன்று கம்பிகளோடு வரும் பிரஷ் இல்லாத மோட்டாருக்கோ எதுவும் வேண்டாம். பிரஷ் இல்லை; ஆகவே பிரஷ் நுனிப் பொறியும் இல்லை. அதில் கண்டென்ஸரையோ டயோடையோ வைப்பது, ஆரோக்கியமான பிள்ளைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் மருந்தைப் புகட்டுவது போல!

வேலையை ஆரம்பிக்கும் முன் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். சால்டரிங் இரும்பு சூடாக இருக்கும்போது சிறுவர்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். முடிந்ததும் சக்கரங்கள் தரையில் படாதபடி காரை ஒரு டப்பாவின் மேல் வைத்துச் சோதியுங்கள். முதலில் கைப்பெட்டியைப் போடுங்கள், பிறகு காரை. நிறுத்தும்போது முதலில் கார், பிறகு பெட்டி. அதன்பின் முப்பது தப்படி தள்ளி நின்று, மோட்டார் ஓடும்போதே முன்சக்கரங்கள் சொன்னபடி திரும்புகின்றனவா என்று பாருங்கள். திரும்பினால்தான் கார் தரையில் இறங்கலாம்.

கடைக்குப் போகும்முன் இரண்டே கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருந்தால் போதும். மோட்டாருக்குக் கம்பி இரண்டா, மூன்றா? கார் ரிவர்ஸ் போகுமா, போகாதா? மூன்று கம்பி என்றால் எதுவும் வாங்காதீர்கள். இரண்டு கம்பி, ரிவர்ஸும் உண்டு என்றால் கண்டென்ஸர் மட்டும். ரிவர்ஸ் இல்லையென்றால் மட்டுமே டயோட்.