பத்தாண்டு ஸ்கேனும் ஆறு மாதக் காப்பீடும்

மூளையில் தோன்றும் புற்றுநோயல்லாத கட்டியைக் கதிர்வீச்சால் அடக்கும் காமா நைஃப், 1968-இல் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. கட்டி பெரும்பாலும் மறைவதில்லை. வளர்ச்சி நிற்கிறது, அவ்வளவே. தொடக்கத்தில் சற்று வீங்கவும் கூடும். அது சிகிச்சையின் விளைவா, மறுவளர்ச்சியா என்பதை அடுத்தடுத்த எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டே அறிய இயலும். ஆகவே கண்காணிப்பு பத்தாண்டு வரையிலும் நீள்வதுண்டு.

இ.எஸ்.ஐ. உரிமையோ ஆறு மாதக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கே பயன் தரும். ஆர்டர் இருக்கும் இடம் தேடிக் கம்பெனி மாறும் திருப்பூர் பீஸ்ரேட் டெய்லருக்கு இச்சங்கிலி எளிதில் அறுபடும். வலியே இல்லாதவர் முதலில் கைவிடுவதும் ஸ்கேனைத்தான்.

ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தி மருத்துவ வசதியைத் தொடரும் விதி ஏற்கெனவே உண்டு. அதை இவர்களுக்கும் விரிக்க என்ன தடை?