கணக்கில் ஆற்றுக்கும் ஒரு பக்கம்



நம் திருவண்ணாமலையில் எனக்கு இஸ்லாமிய வணிகர் ஒருவர் நண்பர். ஆண்டுதோறும் கையிருப்பு, சரக்கு, வரவேண்டிய பாக்கி யாவற்றையும் கூட்டி, நாற்பதில் ஒரு பங்கை ஜகாத்தாக ஏழைகளுக்கு ஒதுக்குவார். வட்டி வாங்கமாட்டார். "செல்வம் நம்முடையதன்று ஃபாதர், இறைவன் ஒப்படைத்த அமானிதம்" என்பார்.

இந்நெறி இன்று பங்குச் சந்தையிலும் இடம்பெற்றுள்ளது. ஷரீஅத்துக்கு இசைந்த 50 நிறுவனங்களின் குறியீட்டு எண்ணை மும்பைப் பங்குச் சந்தை 2010-இல் தொடங்கியது. மது, சூது போன்ற தொழில்களும் வட்டிக்கடன் மிகுந்த நிறுவனங்களும் இத்தகைய பட்டியல்களில் சேரா. ஆயினும், "உன் கழிவுநீர் எங்கே போகிறது?" என்ற கேள்வி அச்சல்லடையில் அரிதாகவே எழுகிறது. மனிதன் பூமியின் பொறுப்பாளன் என்றும், படைப்பில் இறைவன் அமைத்த சமநிலையைக் குலைக்கலாகாது என்றும் குர்ஆன் போதிக்கிறதே! அப்படியானால் ஆறும் அமானிதம் அல்லவா?

இது தொலைதூரத்துப் பேச்சன்று. நம் வேலூர் மறைமாவட்டத்தின் வழியே பாலாறு செல்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு அதனைக் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானதென்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கேடு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்றும் விதித்தது. 2025 ஜனவரி 30 அன்று, அதாவது 28 ஆண்டுகளுக்குப் பின்னும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் நீர், கழிவு பற்றி ஆண்டறிக்கை தரவேண்டுமென்ற செபியின் விதி 2022-23 முதல் கட்டாயமாயிற்று. ஆனால் பங்குச் சந்தைக்கே வராத சிறு ஆலைகளை அது தொடாது. அங்கே சட்டம் கேளாத கணக்கை மனச்சான்றுதான் கேட்கவேண்டும்.

அத்தொழிலில் இஸ்லாமிய முதலாளிகள் பலர் உண்டு. கூலி பெறுவோரில் நம் மக்களும் உண்டு. செருப்பு அணிவோர் நாம் எல்லாரும். ஆகவே பிறர்மேல் கல்லெறிய நமக்கு உரிமையில்லை. லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் தலைவர் கணக்குக் கேட்பது தம் சொந்த வீட்டுப் பொறுப்பாளரிடமே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலும் இப்பூமியை நம் பொது இல்லம் என்றே அழைக்கிறது.

திருவிழா முடிந்ததும் வரவு செலவைக் கோயிலில் வாசிக்கிறோம். ஒரு ரூபாய் குறைந்தாலும் கேள்வி எழுகிறது. இவ்வாண்டு அதனோடு இன்னும் சில வரிகளைச் சேர்ப்போம்: எத்தனை பிளாஸ்டிக் குவளைகளை எறிந்தோம்? ஆழ்துளைக் கிணற்றில் எவ்வளவு நீர் இறைத்தோம்? சமையல் கழிவை எங்கே கொட்டினோம்? இவ்வரிகளை நாம் வெட்கமின்றி வாசிக்கக்கூடிய நாளில், ஆலை முதலாளியிடமும் அண்டை வீட்டு நண்பரிடமும் அதே கணக்கை அன்போடு கேட்கும் தகுதி நமக்கு வரும்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!