திரையில் தெரியும் வீடும் தரையில் நிற்கும் வீடும்



பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போட வரும் பெற்றோர், கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். "டீச்சர், வீட்டுப் படம் போடுகிற சாஃப்ட்வேரில் பாதித் திரை கறுப்பாகவே இருக்கிறதாம். கம்ப்யூட்டர் கெட்டுப் போய்விட்டதா?" என்று அப்புறம்தான் கேட்பார்கள். ஜெலாப்பாங், சிலிபின் வட்டாரத்தில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. காரணம் இல்லாமலில்லை. தோட்டத்தை விட்டு வந்து தாமான் வீட்டில் குடியேறிய குடும்பங்களுக்கு முதலில் வருகிற ஆசை, பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டுவதுதான். அப்பாவின் சேமநிதிப் பணம் கையில் இருக்கும். போலிடெக்னிக்கிலோ படிவம் ஐந்திலோ படிக்கும் மகளிடம் ஒரு மடிக்கணினி இருக்கும். படத்தை அவளே போட்டுவிடலாமே என்று வீட்டில் பேச்சு எழும்.

நல்ல பேச்சுதான். லயத்து வீட்டில் சுவர் எங்கே வரவேண்டும், அடுப்பு எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று நம் பாட்டிமார்களை யாரும் கேட்டதில்லை. கட்டி வைத்திருந்ததில் போய்க் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். இன்று மகள் மௌஸைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சிங்க் எங்கே வேண்டும்?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுப் போடுகிற படம் பொய் சொல்லக் கூடாது அல்லவா? ஆகவே இந்த இதழில் படம் தெரியாமற்போவது ஏன் என்பதையும், தெரிகிற படம் எப்போது பொய் சொல்லும் என்பதையும் எழுதுகிறேன். இரண்டாவதுதான் பணத்தைத் தின்பது.

நான் எடுத்துக்கொள்வது 'ஸ்வீட் ஹோம் 3டி' என்ற மென்பொருள். எம்மானுவேல் புய்பாரே என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது. காசு கொடுக்க வேண்டியதில்லை. திருட்டுப் பிரதி தேடி அலையவும் வேண்டாம். திரை நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் மேலே மேசை, நாற்காலி, கதவு, சன்னல் ஆகியவற்றின் பட்டியல். அதன் கீழே நாம் எடுத்து வைத்த சாமான்களின் கணக்கு. வலப்பக்கம் மேலே நாம் கோடு போடும் தரைப்படம். அதற்குக் கீழே அதே வீடு கட்டி நிற்பது போன்ற முப்பரிமாணத் தோற்றம்.

இந்த நான்காவது பகுதிதான் மக்கர் செய்வது. கறுப்பாகவோ வெறுமையாகவோ இருந்தால் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கடைக்காரர் புதுக் கணினி விலையைத்தான் சொல்லத் தொடங்குவார். முதலில் பகுதிகளுக்கு நடுவிலுள்ள தடுப்புக் கோட்டைப் பாருங்கள். மௌஸ் பட்டு அது ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் படம் இருந்தும் மறைந்து கிடக்கும், இழுத்துவிட்டால் வந்துவிடும். அடுத்து, தோற்றத்தைத் தனிச் சன்னலாகப் பிரிக்கும் வசதி '3டி வியூ' மெனுவில் உண்டு. தங்கையோ தம்பியோ அதைத் தட்டியிருந்தால் படம் வேறொரு சன்னலில், பின்னால் ஒளிந்திருக்கும். மூன்றாவது சங்கதி வேடிக்கையானது. அந்த மென்பொருளில் இரண்டு பார்வை உண்டு. ஒன்று, பறவை போல் மேலேயிருந்து பார்ப்பது. மற்றது, ஓர் ஆள் வீட்டுக்குள் நடந்துபோய்ப் பார்ப்பது. நடக்கும் ஆளைத் தரைப்படத்தில் இழுத்து நகர்த்தும்போது, அவர் சுவருக்குள்ளேயோ அலமாரிக்குள்ளேயோ போய் நின்றுகொண்டால், பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவரை அறையின் நடுவில் கொண்டு வந்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் 'ஏரியல் வியூ'வுக்கு மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கறுப்பாகவே இருந்தால் குற்றம் பெரும்பாலும் டிரைவரின் மேல்தான். துரை சொன்னதைக் கிராணி வாங்கி ஆட்களிடம் சொல்வார் என்று நம் பெரியவர்கள் கதை சொல்வார்களே, அதுபோல மென்பொருள் சொல்வதைத் திரைக்கு எடுத்துச் சொல்லும் நடுவாள்தான் கிராஃபிக்ஸ் டிரைவர். அது பழசாகிவிட்டால் தட்டையான கோடுகளைச் சரியாகச் சொல்லும். முப்பரிமாணம் என்றதும் திணறும். கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான புதிய டிரைவரை இறக்கிப் போடுங்கள். அதற்குச் செலவில்லை. பத்து வருடக் கிழட்டு மடிக்கணினி அதற்கும் மசியாவிட்டால், தரைப்படப் பகுதியில் மட்டும் வேலை செய்யலாம். அளவெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

எழுத்து எறும்பு போல் தெரிந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள். விண்டோஸின் 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 விழுக்காட்டுக்கு உயர்த்துங்கள். படத்தில் 'சாமி அறை' என்று தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வருகிறது என்றாள் ஒரு மாணவி. அந்த எழுத்தை இரட்டைச் சொடுக்கினால் எழுத்துருவை மாற்றும் இடம் வரும்; லதா அல்லது நிர்மலா என்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாகவே நிற்கும்.

இனி, படம் பளிச்சென்று தெரிந்தும் பொய் சொல்லும் இடங்களுக்கு வருகிறேன்.

முதற் பொய் அளவில். நம் நாட்டில் எடை அளவைச் சட்டம் வந்தது 1972இல். அதன்பின் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறினோம். ஆனால் வாய் மாறவில்லை. நகராண்மை அலுவலகத்துக்குப் போகும் வீட்டுப் படத்தில் மில்லிமீட்டர், குத்தகையாளர் வாயில் அடி, கணினியில் சென்டிமீட்டர். ஒரே சுவருக்கு மூன்று பேர். "வீடு இருபதடி அகலம்" என்று அப்பா சொல்ல, மகள் 20 என்று தட்டினால், கணினி இருபது சென்டிமீட்டர் சுவரைக் கட்டிக் கொடுக்கும். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால் நாற்காலி வீட்டையே விழுங்கி நிற்கும். அப்படித் தெரிந்தால் நல்லது. தவறு கண்ணுக்குத் தெரிகிறது. 'ஃபைல்' மெனுவில் 'பிரெஃபரன்சஸ்' திறந்து, அளவு எதில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஓரடிக்கு 30.48 சென்டிமீட்டர். பத்தடி 304.8, இருபதடி 609.6. ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துவிட்டால் போதும். சுவர் வரையும்போது கையால் இழுத்து நிறுத்தாமல், என்டர் விசையைத் தட்டி நீளத்தை எண்ணாகவே கொடுங்கள்.

இரண்டாவது பொய் சுவரின் கனத்தில். இதில்தான் அன்பர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். மென்பொருளை நிறுவியதும் அது தானாக வைத்துக்கொள்ளும் சுவர்க்கனம் ஏழரை சென்டிமீட்டர். நம் ஊர்க் கொத்தனார் கட்டுகிற சுவர் அதுவா? நாலரை அங்குலச் செங்கல். இரு பக்கமும் சிமெண்டுப் பூச்சு. முடியும்போது ஏறக்குறைய ஆறங்குலம், அதாவது பதினைந்து சென்டிமீட்டர். படத்துச் சுவரைப் போல் இரண்டு மடங்கு! மென்பொருள் சுவரின் நடுக்கோட்டை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. கனம் கூடினால் அந்தக் கூடுதல் அறைக்குள்தான் நுழையும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பின்பக்கம் இருபதடி அகலத்தில் சமையலறையும் குளியலறையும், நடுவில் ஒரு சுவர். ஐஸ்பெட்டி அறுபது சென்டிமீட்டர் அகலம். அதற்குப் படத்தில் அறுபத்தைந்து சென்டிமீட்டர் இடம் விட்டிருந்தாள் அந்த வீட்டுப் பெண். திரையில் அழகாக உட்கார்ந்திருந்தது. கொத்தனார் சுவரெழுப்பிப் பூசியதும் சமையலறை ஏழரை சென்டிமீட்டர் குறைந்தது. குளியலறையும் அதே அளவு குறைந்தது. ஐஸ்பெட்டிக்கு மிச்சம் ஐம்பத்தேழரை. அதற்கு மேல் சுவரோடு வேறு பதித்தார்கள். அலமாரிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஐஸ்பெட்டி இன்றுவரை முன் ஹாலில்தான் நிற்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தாய் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டார். கொத்தனார் மேல் பிழையில்லை. அந்தப் பெண்ணும் கோடு தவறாகப் போடவில்லை. யாரும் கேட்காமலே கணினி வைத்திருந்த ஓர் எண்தான் அப்படிச் செய்தது.

ஆகவே வரையத் தொடங்கும் முன்பே 'பிரெஃபரன்சஸ்' பகுதியில் புதுச் சுவரின் கனத்தைப் பதினைந்து என்று மாற்றுங்கள். அங்கே மாற்றுவது இனிமேல் வரையும் சுவருக்கு மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். முன்னமே வரைந்துவிட்டவர்கள் சுவர்களையெல்லாம் தேர்ந்தெடுத்து, 'பிளான்' மெனுவில் சுவரை மாற்றும் கட்டளைக்குப் போக வேண்டும். மாற்றிவிட்டு ஐஸ்பெட்டியும் அடுப்பும் எங்கே இடிக்கின்றன என்று பாருங்கள். இடிப்பதைத் திரையிலேயே இடித்துவிடட்டும்.

சுவரின் உயரமும் அப்படித்தான். அது தானாக வைப்பது 250 சென்டிமீட்டர். உங்கள் வீட்டுக் கூரை பத்தடியில் இருந்தால் அலமாரிக்கு மேலே எவ்வளவு இடம் என்பதைப் படம் தப்பாகக் காட்டும்.

அறையின் பரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருசீர் கட்டடத் துணைவிதிகள் என்று 1984இல் வந்தது ஒன்று இருக்கிறது. வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3க்கும், மற்றவை 6.5க்கும், சமையலறை 4.5க்கும் குறையக்கூடாது என்று அது சொல்கிறது. அந்த 9.3 என்ன தெரியுமா? பத்தடிக்குப் பத்தடி அறைதான்! நம் பெரியவர்களின் வாயில் புழங்கிய அதே அளவு சட்டப் புத்தகத்திலும் உட்கார்ந்திருக்கிறது. மென்பொருளில் அறையை வரைந்தால் சதுர மீட்டர் தானே தெரியும். மேலே சொன்னபடி கனத்தைச் சரி செய்த பிறகுதான் அந்த எண்ணை நம்பலாம்.

வீட்டு விளம்பரத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்து, அதன் மேலேயே கோடு போடுகிறவர்கள் உண்டு. வசதிதான். படத்தை ஏற்றும்போது மென்பொருள் ஒரு கோட்டைக் காட்டி, "இதன் உண்மை நீளம் என்ன?" என்று கேட்கும். அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டால் முழு வீடும் கோணல் கணக்காகிவிடும். வீட்டின் மிக நீளமான சுவரை டேப்பு வைத்து அளந்து அந்த எண்ணைக் கொடுங்கள். தாளைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் உதவாது. ஸ்கேன் செய்தது மேல்.

வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்றுகூட இதில் பார்க்கலாம். தரைப்படத்தில் உள்ள திசைகாட்டியை வடக்கு நோக்கித் திருப்பி, அட்சரேகை 4.6 வடக்கு, தீர்க்கரேகை 101.1 கிழக்கு என்று ஈப்போவைக் கொடுத்து, நாளும் நேரமும் சொல்லிப் புகைப்படம் எடுக்கச் சொன்னால் நிழலோடு வரும். மேற்குப் பார்த்த சமையலறையில் மாலை நான்கு மணிக்கு நிற்கிற தாய்மார்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரு குறை, இந்த மென்பொருளுக்குக் கிளேடாங் மலையைத் தெரியாது. ஜெலாப்பாங்கில் சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகும் திரையில் வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். பின்சந்துச் சாக்கடைக்கு மழைநீர் எப்படி ஓடும் என்பதையும் அது சொல்லாது.

படம் முடிந்ததும் அதை அப்படியே கொத்தனாரிடம் நீட்டாதீர்கள். இழுத்துக் கட்டும் வேலைக்கு ஈப்போ மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் அப்படி. அங்கே சமர்ப்பிக்கும் படத்தை வரைய வேண்டியவர் பதிவு பெற்ற கட்டடப் பட வரைவாளரோ கட்டடக் கலைஞரோதான். மகள் போட்ட படம், அவரிடம் உங்கள் விருப்பத்தை எடுத்துச் சொல்ல.

அச்செடுக்கும்போது பக்க அமைப்பில் அளவு விகிதத்தை நூற்றுக்கு ஒன்று என்று வையுங்கள். அச்சுப்பொறியில் 'தாளுக்கு ஏற்பச் சுருக்கு' என்ற குறி விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விகிதம் போய்விடும். தாள் வெளியே வந்ததும், பிள்ளையின் பென்சில் பெட்டியிலிருந்து அடிக்கோலை வாங்கி இருபதடிச் சுவரின் மேல் வையுங்கள். 6.1 சென்டிமீட்டர் காட்டினால் மடித்து எடுத்துக்கொண்டு புறப்படலாம்.