கிழட்டு புல்லட்டுக்கு இளமை திரும்புமா?

"டப்... டப்... டப்..." என்ற சத்தம் தெருமுனையில் கேட்டதுமே, "அப்பா வந்துவிட்டார்!" என்று பிள்ளைகள் வாசலுக்கு ஓடிய காலம் ஒன்று உண்டு. அந்தச் சத்தத்துக்குச் சொந்தமான வண்டிதான் புல்லட். இன்று அது எத்தனையோ வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. உதைத்தால் கிளம்புவதில்லை. கிளம்பினால் ஒரே புகை. மேடு வந்தால் மூச்சு வாங்குகிறது.

இதை என்ன செய்வது? எடைக்குப் போடுவதா? எஞ்சினைப் பிரித்துச் சரி பண்ணுவதா? கடனை வாங்கிப் புது வண்டி எடுப்பதா?

இந்தக் கேள்வி இப்போது சூடு பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல், 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டியின் விலை இறங்கியது. பழைய வண்டிக்கோ செலவு ஏறியது! மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்கு முன்பு 300 ரூபாய் கட்டணம் இருந்தது. 2022 ஏப்ரலில் அது 1,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள்.

நன்றாகப் பராமரித்துப் புகையில்லாமல் ஓடும் 25 வயது வண்டிக்கும், தெருவையே மறைக்கிற மாதிரி புகை விடும் 25 வயது வண்டிக்கும் ஒரே கட்டணம்தான். அதாவது வயதுக்குப் பணம், புகைக்கு அல்ல. புகையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், எஞ்சினைச் செப்பனிட்டு வருகிறவருக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கலாமே!

நம் ஊர் எஞ்சின்

புல்லட் நமக்கு அந்நிய வண்டி அல்ல. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் இங்கிலாந்திலுள்ள ராயல் என்பீல்டு கம்பெனியும் சேர்ந்து, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை தொடங்கின. ராணுவத்துக்கும் போலீசுக்கும் வண்டி தேவைப்பட்ட காலம் அது. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் பிள்ளை இங்கே வளர்ந்தது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 2010-ஐ ஒட்டித்தான் நின்றது. அதனால்தான் அதற்கு இன்றும் உதிரி பாகம் கிடைக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத புல்லட் சாமான் அபூர்வம்.

எஞ்சினின் அளவைப் பாருங்கள். சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. சக்தி 18 குதிரை. இன்று வரும் 349 சி.சி. புது எஞ்சினுக்கு 20 குதிரை. இத்தனை ஆண்டில் கூடியது இரண்டே குதிரைதான்! ஆகவே, பழைய எஞ்சின் இழந்ததை மீட்டுக் கொடுத்தாலே போதும். புதுசுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஒரு கரண்டி எண்ணெய்ச் சோதனை

செலவு செய்வதற்கு முன்னால் நோய் எங்கே என்று தெரிய வேண்டும். கிக்கரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கால் 'கல்' என்று நின்றால் நல்லது. மெத்தையில் மிதித்தது போல இறங்கினால், அழுத்தம் எங்கோ கசிகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி, பிளக்கைத் திரும்ப மாட்டி மறுபடியும் அமுக்குங்கள். இப்போது கால் நின்றால் ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. அப்போதும் நிற்கவில்லை என்றால் கோளாறு வால்வில் இருக்கலாம். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு கரண்டி எண்ணெய்.

அடியிலிருந்து 'டக், டக்' என்று சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம் வந்தால் அது வேறு கதை. கனெக்டிங் ராடின் அடிப்பக்கம், மெக்கானிக்குகள் 'பிக் எண்ட்' என்று சொல்லும் இடம், ஆடிப் போயிருக்கிறது. எஞ்சினை முழுதும் இறக்கி, கிராங்கைப் பிரிக்க வேண்டும். மேல் வேலை மட்டும் என்றால் சில ஆயிரங்களில் முடியும். கிராங்க் வரை போனால் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆகும். அடி ஆடும் எஞ்சினுக்கு மேலே புது பிஸ்டன் போடுவது, அஸ்திவாரம் இடிந்த வீட்டுக்கு வெள்ளை அடிப்பது போலத்தான்.

'போர்' போட்டால் வேகம் வருமா?

தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் சிறிது கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவதற்கு 'ரீபோர்' என்று பெயர். "பெரிய பிஸ்டன் போட்டால் வண்டி பறக்கும்" என்று சில வாலிபர்கள் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முழு மில்லிமீட்டர் கடைந்து 71 ஆக்கினாலும் 346 சி.சி. என்பது 356 சி.சி. ஆகும். பத்து சி.சி.யில் என்ன பறப்பது? ரீபோர் செய்வது வேகத்துக்காக அல்ல, கசிவை நிறுத்துவதற்காக. கால் மில்லிமீட்டரில் வேலை முடியுமானால் அதோடு நிறுத்துங்கள். அடுத்த முறை கடைவதற்கு இரும்பு மிச்சம் இருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். சிலிண்டரை மட்டும் லேத்துக்கு அனுப்பாமல், வாங்கிய பிஸ்டனையும் கூடவே அனுப்புங்கள். பெட்டியின் மேல் அச்சடித்த அளவுக்கு அல்ல, கையில் இருக்கும் பிஸ்டனின் அளவுக்குக் கடைய வேண்டும். இடைவெளி குறைந்தால், சூடு ஏறியதும் பிஸ்டன் சிக்கி வண்டி நடு ரோட்டில் நிற்கும்.

உண்மையில் சக்தி கூடும் இடம் வேறு. இந்த எஞ்சின் ஐந்தரைத் தம்ளர் காற்றை ஒரு தம்ளருக்குள் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெட்ரோல் மட்டமானது. அதற்கு மேல் அழுத்தினால் முன்கூட்டியே வெடித்து எஞ்சினைத் தட்டும். அதற்காக வைத்த அளவுதான் இந்த ஐந்தரை. இன்றைய பெட்ரோல் அதிக அழுத்தத்தைத் தாங்கும். தலை சற்று உயர்ந்த பிஸ்டன் போட்டு ஏழு பங்கு வரை கொண்டுபோனால், ஏட்டுக் கணக்கில் 9 சதவீதம் லாபம். ரோட்டில் அதில் பாதி வந்தாலும் சந்தோஷம்தான். பழைய பிஸ்டனை எப்படியும் மாற்றப் போகிறோம். ஆகையால் கூடுதல் செலவு சொற்பம். ஆனால் பிக் எண்ட் உறுதியாக இருக்கிற எஞ்சினுக்கு மட்டுமே இந்த வேலை.

அதற்கு அடுத்தபடி வால்வு. உட்காரும் இடத்தைச் சீர்செய்து, பேஸ்ட் போட்டுத் தேய்த்து, பெட்ரோல் ஊற்றிக் கசிவு பார்க்க வேண்டும். கூலி கொஞ்சம், பலன் அதிகம். பாயிண்ட், டைமிங், கார்புரேட்டர் மூன்றையும் ஒழுங்காகச் சரிசெய்தாலே பாதி வண்டிகளுக்கு நோய் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். பல பேர் இதைச் செய்யாமலேயே எஞ்சினை இறக்கிவிடுகிறார்கள்!

சைலன்சரைக் கழற்றிவிட்டு 'படபட' என்று ஓட்டுவது மட்டும் வேண்டாம். சத்தம் கூடினால் சக்தி கூடியதாகாது.

பெட்ரோலில் எத்தனால்

இனி பெட்ரோல் விஷயம். 2030-ல் எட்ட வேண்டிய 20 சதவீத எத்தனால் கலப்பை 2025-லேயே எட்டிவிட்டார்கள். கரும்பும் தானியமும் விளைவிக்கும் விவசாயிக்கு இதில் லாபம். அந்நியச் செலாவணியும் மிச்சம். ஆனால் நம் கிழட்டு எஞ்சின் என்ன சொல்கிறது?

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வகை இரு சக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. எத்தனாலில் பிராண வாயுவும் கலந்திருப்பதால், கார்புரேட்டரிலிருந்து போகும் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகிவிடும். எஞ்சின் சூடேறும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால், மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றச் சொல்லுங்கள். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது என்று பொருள்.

பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும். எஞ்சின் வேலையோடு குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் மாற்றிவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சுவதால், மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்துகிற வண்டியின் டாங்கில் பழைய பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். துரு பிடிக்கும்.

சட்டம் பார்க்க வேண்டிய இடம்

தேய்ந்த பாகத்தை மாற்றிச் செப்பனிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் 346 சி.சி. என்றிருக்க, உள்ளே 500 சி.சி. எஞ்சினை வைத்தால் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் தகராறு வரும்.

பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எஞ்சின் நம்பர் அடித்த கிராங்க் கேசை வாங்கிவிடாதீர்கள். அது திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியவர் நீங்கள்தான். எந்தப் பாகத்துக்கும் ரசீது கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். புதுசு போட்டார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

வீட்டுக் கணக்கு என்ன சொல்கிறது? புது வண்டி ரோட்டுக்கு வரும்போது இரண்டு லட்சம் ரூபாயை நெருங்கிவிடுகிறது. எஞ்சினை முழுதும் செப்பனிட்டாலும் அதில் சிறு பங்குதான். தினமும் 50 கிலோ மீட்டர் வேலைக்குப் போய் வருகிறவர் என்றால், பழைய புல்லட்டை நம்ப வேண்டாம் என்பேன். பெட்ரோல் செலவும் பராமரிப்பும் மிச்சத்தைத் தின்றுவிடும். கடைத்தெரு, கோயில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பக்கத்திலேயே ஓடுகிற வண்டிக்கு, நல்ல மெக்கானிக் அமைந்தால், செப்பனிடுவதே சிக்கனம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதலில் பிரேக் ஷூவுக்கு ஒதுக்குங்கள். பின்னால் மனைவியும் குழந்தையும் உட்கார்ந்திருக்கும்போது, கூட்டிய வேகத்தை நிறுத்துவது அந்த டிரம் பிரேக்தான்.

வேலை முடிந்து வந்த வண்டியை உடனே முறுக்காதீர்கள். முதல் 500 கிலோ மீட்டருக்கு 40, 45-க்கு மேல் போக வேண்டாம். கியரை உரிய நேரத்தில் குறைத்து, எஞ்சினைத் திணற விடாமல் ஓட்டுங்கள். 500 ஆனதும் ஆயிலை மாற்றுங்கள். வடிந்த ஆயிலில் பொடிப் பொடியாக இரும்பு மினுங்கினால் பயப்பட வேண்டாம். புது ரிங்குகள் பழகுவதால் வரும் தூள் அது. ஆனால் செதில் செதிலாக வந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போங்கள்.